நூல் வாங்கக் கோயமுத்தூர் போனவர்கள்

திருப்பூர் ஞானசம்பந்த முதலியார் இந்த நாட்டு ஆண்களின் மானத்தைக் காப்பதையே தொழிலாகக் கொண்டவர். காதர்பேட்டைக்குப் பின்சந்தில் நாலு நிட்டிங் மெஷின் போட்டு, முதலில் கை வைத்த பனியன், பிறகு கை வைக்காத பனியன், அறுபத்து மூன்றாம் வருஷத்திலிருந்து ஜட்டி என்று படிப்படியாக முன்னேறியவர். பம்பாய் சேட்டு ஒருவர் ஜட்டியைக் கையில் தூக்கி இப்படியும் அப்படியும் திருப்பி, "இது எந்த இடத்துக்கு?" என்று தமிழில் கேட்டபோது, முதலியார் மேலே மாட்டியிருந்த முருகன் படத்தைப் பார்த்துக்கொண்டே, "உள்ளுக்குப் போடறதுங்க" என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. ஆயிரக்கணக்கில் தைத்து அனுப்பியவர், அது மூடுகிற இடத்தின் பேரை மட்டும் வாயால் சொன்னதில்லை.

ஊரில் அவருக்கு இருந்த பெரிய சொத்து அந்த நாலு மெஷின் இல்லை, நல்ல பேர்தான். மாதக் கார்த்திகை பஜனைக் கோஷ்டிக்கு அவர்தான் தலைவர். வெளிக்கடையில் காப்பி குடிக்க மாட்டார். பம்பாய்க்கு வியாபாரமாகப் போனால் இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொள்வார். இதை யாரும் போய்ப் பார்த்து வந்து சொல்லவில்லை. அவரேதான் சொன்னார், ஆனால் அடிக்கடி சொன்னார். சாயப்பட்டறைக்காரர் ஒருவர் ஒரு மாதம் காலை அகட்டி நடந்தபோது, "பம்பாய் போய் எதையோ வாங்கிட்டு வந்துட்டாருங்க" என்று சொல்லி, பஜனையில் ஜால்ரா அடிக்கும் வேலையிலிருந்து அவரை நீக்கியதும் முதலியார்தான். அந்த மனிதருக்கு வந்திருந்தது சாதாரண வேனல் கட்டி. அது தெரிந்த பிறகும் ஜால்ரா திரும்பிக் கொடுக்கப்படவில்லை.

அப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் குளிக்கும்போது, வலது தொடை இடுக்கில், சொல்லக்கூடாத இடத்துக்கு மிகப் பக்கத்தில், ஏதோ ஒன்று விரலில் தட்டுப்பட்டது. மிளகு அளவில் ஒரு சதை. தனியே, காம்பில் ஆடுகிற மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. வலி இல்லை, அரிப்பு இல்லை. இழுத்தால் வந்தது, விட்டால் போய்விட்டது.

இதே மாதிரி சதைகள் அவர் கழுத்தில் மூன்று இருந்தன. கழுத்தில் இருந்ததை அவர் மரு என்றார். கீழே இருந்ததைப் பாவத்தின் சம்பளம் என்றார். எந்தப் பாவம் என்றுதான் பிடிபடவில்லை. பம்பாய் ரயிலில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த ஒரு பெண்பிள்ளையின் வளையலை அவர் கொஞ்ச நேரம் பார்த்ததுண்டு. அதற்கா இது?

அன்று முதல் பஜனையில் ஒரு விசேஷம் நடந்தது. உச்சந்தலை, நெற்றி, கண் என்று உடம்பை வரிசையாகச் சொல்லி முருகனைக் காக்கச் சொல்லும்போது, இடுப்பு தாண்டியதும் முதலியாருக்கு மட்டும் இருமல் வந்துவிடும். முழங்காலில்தான் குரல் திரும்பும்.

மருவுக்கு உப்பும் மிளகும் கோயிலில் கொட்டுவது வழக்கம். கொட்டினார். போகவில்லை. நோவு கண்ட உறுப்பை வெள்ளித் தகட்டில் வாங்கி உண்டியலில் போடுவதும் வழக்கம். சிவன்மலை முருகன் கோயில் அடிவாரத்துக் கடையில் போய் நின்றார். கண் இருந்தது, கை இருந்தது, கால் இருந்தது, வயிறுகூட இருந்தது.

"வேற ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"வேறைன்னா எதுங்க?" என்றார் கடைக்காரர்.

முதலியார் மலையைப் பார்த்தார், படியைப் பார்த்தார், கடைசியில் தலை முதல் கால் வரை முழு ஆளாகச் செய்த தகடு ஒன்றை வாங்கிப் போட்டார். எந்த இடம் என்று முருகனே பார்த்து எடுத்துக்கொள்ளட்டும்.

முருகன் அவசரப்படவில்லை. முதலியாருக்குத்தான் பொறுக்கவில்லை. அப்போதுதான் அவருக்குத் தொழில் மூளை வேலை செய்தது. பனியனில் பிசிறு தொங்கினால் என்ன செய்கிறோம்? அடியில் ஒரு முடிச்சுப் போட்டு, நறுக்கென்று வெட்டிவிடுகிறோம். இந்தியா முழுக்கப் பிசிறு இல்லாத சரக்கு அனுப்புகிற மனிதர் தன் உடம்பில் ஒரு பிசிறை வைத்துக்கொண்டு திரிவதாவது? சந்தில் கிடைக்கும் சாதா நூலை எடுக்காமல், தன் கம்பெனியிலேயே உசத்தியான நாற்பதாம் நம்பர் நூலில் ஒரு இழை எடுத்து, குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டு, கண்ணாடியைக் கீழே சாய்த்து வைத்து, காம்பில் இறுக்கிக் கட்டினார். தானே காய்ந்து விழுந்துவிடும் என்பது கணக்கு.

விழவில்லை. முதலில் மிளகு திராட்சை ஆயிற்று. பிறகு அந்தத் திராட்சை கறுத்து, சுற்றிலும் சிவந்து, சீழ் வைத்தது. நூலை எடுக்கலாமென்றால் அது சதைக்குள் போய்விட்டது. சரக்கு உசத்தி, அறுபடாது. இப்போது முதலியாரே காலை அகட்டி நடந்தார்.

"ஏனுங்க, ஒரு தினுசா நடக்கறீங்க?" என்றாள் அவர் மனைவி குழந்தையம்மாள்.

"வாய்வு அம்மிணி."

"வாய்வு காலுக்குமா வரும்?"

"எனக்கு வருது."

"நேத்து ஒடம்பு சுட்டுதுங்களே. ராத்திரியெல்லாம் அனத்துனீங்க. டாக்டரூட்டுக்குப் போயிட்டு வாங்க."

டாக்டர் வீட்டுக்குப் போவது என்றால் திருப்பூரில் போக முடியாது. உள்ளூர் டாக்டருக்கு மருந்து கலக்குபவர் பஜனையில் மிருதங்கம் வாசிப்பவர். காலையில் காட்டினால் சாயங்காலம் தாளத்தில் வந்துவிடும். எனவே முதலியார் மறுநாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கோயமுத்தூருக்கு நூல் வாங்கப் போறேன்" என்றார்.

திருப்பூரில் இதைவிடப் பத்திரமான வாக்கியம் கிடையாது. பனியன் போடுகிறவனுக்கு நூல் வேண்டும், நூல் கோயமுத்தூர் மில்லில் இருக்கிறது. யார் எதற்காகக் கோயமுத்தூர் போனாலும் நூல் வாங்கத்தான் போனார்கள். நூல் வராவிட்டால் விலை படியவில்லை. சினிமா பார்த்தவர்களுக்கும் அதுதான், சின்ன வீட்டுக்குப் போனவர்களுக்கும் அதுதான்.

கோயமுத்தூரில் டாக்டர் ஈஸ்வரமூர்த்தி ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நீள பெஞ்சு. கம்பவுண்டர் வெள்ளியங்கிரி வாசலில் நின்று பேர் கேட்டார். முதலியார் இதற்கு யோசித்துக்கொண்டு வரவில்லை. சொந்தப் பேரைச் சொல்ல முடியாது. இன்னொரு பேர் வேண்டும். அவசரத்துக்கு வாயில் வருவது, தினம் காலையில் எழுந்ததும் நாம் திட்டுகிற பேர்தானே.

"கிட்டுசாமி" என்றார்.

கிட்டுசாமிக் கவுண்டர் அதே சந்தில் எதிர்வரிசையில் பனியன் கம்பெனி வைத்திருந்தவர். தோட்டத்தை விற்று மெஷின் வாங்கியவர். முதலியார் விலையில் காலணா குறைத்தால் இவர் அரையணா குறைப்பார். பேரைச் சொன்னதும் முதலியாருக்குக் கட்டியின் வலி கொஞ்சம் குறைந்தது. இந்த வியாதி ஒருவேளை வெளியே தெரிந்தாலும் போய்ச் சேரவேண்டிய விலாசத்துக்குத்தான் போகும்.

சந்தோஷமாகப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் துண்டால் முகத்தை முக்காடாக மூடிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். துண்டின் ஓரத்தில் மடித்துத் தைத்திருந்த தையல் முதலியாருக்குத் தெரிந்த தையலாக இருந்தது. முகத்தைப் பார்க்கத் திரும்பினார். துண்டும் திரும்பியது.

"வாங்க கவுண்டரே" என்றார் முதலியார். வேறு என்ன சொல்வது?

"வாங்க முதலியாரே" என்றார் கிட்டுசாமிக் கவுண்டர். "நூல் வாங்க வந்தீங்களா?"

"ஆமாங்க. நீங்க?"

"நானும் நூல்தானுங்க."

இருவரும் எதிர்ச்சுவரைப் பார்த்தார்கள். அங்கே குடும்பக் கட்டுப்பாட்டு முக்கோணம் சிவப்பாக இருந்தது. அதையும் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார்கள்.

அப்போது வெள்ளியங்கிரி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, கோயில் மணி மாதிரிக் குரலில், "திருப்பூர் ஞானசம்பந்தம்" என்று கூப்பிட்டார்.

முதலியாருக்கு உயிர் போய் வந்தது. தான் அந்தப் பேரைக் கொடுக்கவில்லையே. பாதி எழுந்துவிட்டார். அதற்குள் பக்கத்திலிருந்த கவுண்டர், யாரையும் பார்க்காமல், மெதுவாக எழுந்து உள்ளே போனார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கவுண்டர் வெளியே வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. "நூல் வெலை ஏறிப்போச்சுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

"திருப்பூர் கிட்டுசாமி" என்றார் வெள்ளியங்கிரி. முதலியார் எழுந்து போனார்.

டாக்டர் ஈஸ்வரமூர்த்தி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்துவிட்டு முதலில் கேட்டது: "இது என்ன நம்பர் நூலுங்க?"

"நாப்பது."

"நல்லா இறுக்கிக் கட்டியிருக்கீங்க. தொழிலா?"

முதலியார் பம்பாய், ரயில், வளையல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "இது மேக நோய்தானுங்களா, பொம்பளைச் சீக்கு?" என்று கேட்டார்.

"வளையலைப் பாத்து மேக நோய் வந்ததா எந்தப் புஸ்தகத்துலயும் இல்லீங்க. நீங்க கட்டுனதுல சீழ் வெச்சிருக்கு, அவ்வளவுதான். அதுக்கு முன்னாடி இது எப்படி இருந்துது? மெத்துன்னு, தோல் நெறத்துலயே, காம்பு வெச்சு?"

"ஆமாங்க."

"அது மரு. ஒடம்பு தடிச்சவங்களுக்குத் தோலோட தோல் உரசற எடத்துல வரும். கழுத்துல இருக்குதே, அதேதான். யார்கிட்டேயிருந்தும் வர்றதில்ல, யாருக்கும் போறதுமில்ல. பூக்கோஸ் மாதிரி சொரசொரன்னு கூட்டங்கூட்டமா வந்தா அது வேற, அதுக்கு வேற வைத்தியம். இதை விட்டிருந்தா சாகிற வரைக்கும் ஒண்ணும் பண்ணியிருக்காது. தொந்தரவா இருந்தா எங்கிட்ட வந்திருந்தா, மரத்துப்போக ஒரு ஊசி, ஒரு கத்திரி, சூட்டுக் கம்பியில ஒரு தொடு. நீங்க டீ ஆத்தறதுக்குள்ள முடிஞ்சிருக்கும்."

ஊசி போட்டார், நூலோடு சேர்த்து வெட்டினார், சீழைக் கழுவினார், பெனிசிலின் கொடுத்தார். பிறகு கைகழுவிக்கொண்டே, "முழுசா ஒரு தடவை பாத்துடறேன்" என்று விரைகளையும் ஒவ்வொன்றாக விரலில் உருட்டிப் பார்த்தார். முதலியார் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார்.

"சுத்தம். ஒங்களுது வெளிப் பிசிறு மட்டுந்தாங்க, துணியில கோளாறில்ல" என்றார் டாக்டர். "ஒங்க ஊர்க்காரர் ஒருத்தர் இப்பத்தான் வந்துட்டுப் போனார். அவருக்கு நூல்லயே கோளாறு. வலியில்லேங்கறார். வலியில்லாததுதான் எனக்குப் பயம்."

முதலியாருக்கு அந்த வார்த்தை அப்போது காதில் ஏறவில்லை. தன் பேர் தப்பித்த சந்தோஷத்தில், வயிறாரச் சாப்பிட்டுவிட்டு ரயிலேறினார். வீட்டில் "வெலை படியலை" என்றார். அடுத்த கார்த்திகையன்று இடுப்பைத் தாண்டியபோது அவருக்கு இருமல் வரவில்லை. அதுவரை இல்லாத அளவுக்குக் குரல் கணீரென்று வந்தது.

இப்படியே முடிந்திருந்தால் முதலியாரைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

ஒரு நாள் கம்பெனியில் பம்பாய் சேட்டு உட்கார்ந்து சரக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். தரகர் நின்றார். தையல்காரர்கள் மெஷினில் இருந்தார்கள். குழந்தையம்மாள் சாப்பாட்டுக் கூடையோடு வந்திருந்தாள். அப்போது வாசலில் ஒரு கோயில் மணிக் குரல் கேட்டது.

"இங்க ஞானசம்பந்தம்ங்கறது யாருங்க?"

வெள்ளியங்கிரி. முதலியாருக்கு வேட்டி நழுவுகிற மாதிரி இருந்தது.

"நாந்தான். நீங்க..." என்று இழுத்து, கண்ணால் ஜாடை காட்டினார். வெள்ளியங்கிரிக்கு ஜாடை புரியவில்லை. முகமே புரியவில்லை. அவருடைய உத்தியோகத்தில் நோயாளிகளின் முகத்தைப் பார்க்கும் சந்தர்ப்பம் குறைவு.

"டாக்டர் அனுப்புனாருங்க. மறுநாளே வந்து படுக்கோணும்னு சொன்னாரில்லீங்க, நீங்க பாட்டுக்கு வரவேயில்லை. இந்தப் பக்கம் ஒரு சாவு, வந்தேன், அப்படியே ஒங்களையும் கையோட கூட்டிட்டு வரச் சொன்னார். விரையில இருக்கற அந்தக் கட்டி கல்லாட்டம் இருக்குதாம், நாள் போனா மேல பரவிப் போயிருமாம். அந்த ஒண்ணை எடுத்துட்டா உசுரு நிக்கும்கறார்."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. சேட்டு தரகரிடம் இந்தியில் ஏதோ கேட்டார். தரகர் இரண்டு விரலைக் காட்டி ஒன்றை மடக்கினார்.

முதலியார் வாயைத் திறந்தார். உண்மை நாக்கு நுனியில் இருந்தது: அது நானில்லை, எதிர்க்கம்பெனிக் கிட்டுசாமி. காலணா அரையணாவுக்கெல்லாம் சேர்த்து வட்டியோடு வசூலாகியிருக்கும். ஆனால் அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால் பெஞ்சைச் சொல்ல வேண்டும். பெஞ்சைச் சொன்னால் நூலைச் சொல்ல வேண்டும். அவர் வாயை மூடிக்கொண்டதற்கு நல்ல மனசுதான் காரணம் என்று பிற்காலத்தில் சிலர் சொன்னார்கள். நாமும் மறுக்க வேண்டாம்.

ஆனால் மூடிய வாய்க்குள் இன்னொன்று உருண்டது. அன்றைக்கு டாக்டர் சொன்ன "நூல்லயே கோளாறு". இப்போதுதான் அது காதில் ஏறியது. மனுஷன் சாகப்போகிறான், அவனுக்கு அது சரியாகத் தெரியாது, தெரிந்த ஒரே ஆள் நாம்.

"நாளைக்கு வர்றேன்னு சொல்லுங்க" என்றார் முதலியார். தையல் வரிசையில் யாரோ 'ச்சொச்' கொட்டினார்கள்.

நேராக எதிர்க்கம்பெனிக்குப் போனார். பத்து வருஷத்தில் அந்த வாசற்படியை அவர் மிதித்ததில்லை. கவுண்டர் கட்டிங் மேஜைக்குப் பின்னால் துணிக்கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க கவுண்டரே, என்ற பேரை எதுக்குக் குடுத்தீங்க?"

"நீங்க என்ற பேரைக் குடுக்கலீங்களாக்கும்?"

முதலியார் துணிக்கட்டின் மேல் உட்கார்ந்தார். "செரி, அதை விடுங்க. எத்தன நாளா இருக்குது?"

கவுண்டர் கத்திரியை எடுத்துத் துடைத்தார். "ஆடியில பாத்தனுங்க. ஒரு பக்கம் மட்டும் கெட்டியா, கனமா. ஓதமாயிருக்கும், நீர் எறங்கியிருக்கும்னு உட்டுட்டேன். அந்த டாக்டரு டார்ச்சு அடிச்சுப் பாத்தாருங்க. தண்ணியா இருந்தா வெளிச்சம் அக்கட்டால தெரியுமாம். படுக்க வெச்சுப் பாத்தாரு. கொடல் எறங்கியிருந்தா உள்ளுக்குப் போயிருமாம். போவலை. வலியே இல்லீங்க முதலியாரே. வலிச்சாத்தானே சீக்கு?"

"வலியில்லாததுக்குத்தான் டாக்டர் பயப்படறார். எனக்குச் சீழ் புடிச்சு உசுரு போற வலி. அது வெறும் மரு. ஒங்களுக்கு வலியில்லை."

"எடுத்துட்டா நான் என்ன ஆம்பளைங்க? ரெண்டும் பொட்டப்புள்ளைக. பையன் வேணும்னு என்ற ஊட்டுக்காரி ரங்காத்தா பழனிக்கு நடந்துட்டிருக்கறா."

"ஒண்ணு போதுமாம்."

"ஆரு சொன்னா?"

முதலியார் யோசித்தார். யாரும் சொல்லவில்லை. "டாக்டர்தான்" என்றார். பஜனைத் தலைவர் அடுத்தவருக்காகச் சொன்ன முதல் பொய். அதிர்ஷ்டவசமாக அது உண்மையாக இருந்தது, டாக்டரும் மறுநாள் அதையேதான் சொன்னார்.

"நாலு நிட்டிங் மெஷின்ல ஒண்ணு ரிப்பேர்னா கம்பெனியை மூடியா போட்டுர்றோம்?" என்றார் முதலியார்.

கவுண்டர் முதல்முறையாகச் சிரித்தார். சிரித்துவிட்டு அழுதார். துணிக்கட்டிலிருந்து ஒரு ஜட்டியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். அது கைக்குக் கிடைத்தது, அவ்வளவுதான்.

"ஊர்ல தெரிஞ்சுதுன்னா?" என்றார்.

"ஊருக்குத் தெரிஞ்சுபோச்சுங்க. என்ற பேர்ல தெரிஞ்சுபோச்சு. இனி ஒங்களுக்கென்ன?"

கவுண்டர் ஜட்டியை மடித்து வைத்தார். "அப்ப அதே பேர்லயே படுத்துக்கறனுங்க" என்றார். மனுஷர் எந்த நிலைமையிலும் வியாபாரி.

மறுநாள் இருவரும் ஒரே ரயிலில் நூல் வாங்கப் போனார்கள். ஞானசம்பந்தம் என்ற பெயரில் கிட்டுசாமி படுத்தார். கிட்டுசாமி என்ற பெயரில் ஞானசம்பந்தம் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தார். அடிவயிற்றுக்குக் கீழே கீறி, கட்டியோடு அந்த ஒன்றை எடுத்தார்கள். பிறகு கரண்டு வைக்க, அதாவது கதிர் வைத்தியத்துக்கு, மெட்ராசுக்கு அனுப்பினார்கள். கொஞ்சம் வாந்தி, கொஞ்சம் சோர்வு, மெட்ராஸ் தண்ணீர் பிடிக்கவில்லை என்ற புகார். சீக்கிரம் வந்ததால் பிழைத்தார், இன்னும் இரண்டு மாதம் வலிக்காகக் காத்திருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது என்றார் டாக்டர்.

திருப்பூர் தன் வேலையைச் செய்தது. முதலியாரைப் பஜனையில் நல்ல மெத்தையாகப் போட்டு உட்கார வைத்தார்கள். அவர் சைக்கிள் ஏறும்போது இரண்டு பேர் ஓடிவந்து பிடித்தார்கள். "பாவம், பம்பாய் பழக்கம்" என்று பேசிக்கொண்டவர்களோடு, ஜால்ரா இழந்த சாயப்பட்டறைக்காரர் மட்டும் சேரவில்லை. ஒரு நாள் முதலியாரே அவர் வீட்டுக்கு ஜால்ராவை எடுத்துக்கொண்டு போனார். சாயப்பட்டறைக்காரர் வாங்கி ஒருமுறை தட்டிப் பார்த்தார், சுருதி இன்னும் நன்றாகவே இருந்தது.

வீட்டிலாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முதலியார் ஒரு நாள் தொண்டையைக் கனைத்தார்.

"அம்மிணி, ஊர்ல பேசறாங்களே, அது நானில்லை."

குழந்தையம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "அது எனக்குத் தெரியாதுங்களாக்கும்?" என்றாள்.

முதலியார் வெளியே போய்விட்டார்.

ஆனால் இதில் அவர் எதிர்பாராத ஒன்று நடந்தது. கூச்சப்படுகிற ஆண்கள் ஒவ்வொருவராக அவர் கம்பெனிக்கு வரத் தொடங்கினார்கள். இரண்டு டஜன் பனியன் வேண்டும் என்பார்கள். வாங்கிய பிறகும் போக மாட்டார்கள். சோமனூரிலிருந்து ஒரு தறிக்காரர் வந்து ஒரு மணி நேரம் நூல் விலை பேசிவிட்டு, கடைசியில், "உங்களுக்கு முதல்ல எப்படிங்க தெரிஞ்சுது?" என்று கேட்டார். இப்படிப் பேரைக் கெடுத்துக்கொண்ட மனிதரிடம் கேட்பதில் என்ன வெட்கம்?

முதலியார் கதவைச் சாத்திவிட்டு உட்கார வைப்பார். தொங்குதா, உள்ளே உருளுதா? மெத்துன்னா, கல்லாட்டமா? படுத்தா போகுதா, போகலையா? நூல் கீல் கட்டினீங்களா? கட்டாதீங்க, என் சரக்கு அறுபடாது. வலியில்லேன்னு சும்மா இருக்காதீங்க. மாசத்துக்கு ஒருக்கா சுடுதண்ணியில குளிக்கறப்ப வெரலால உருட்டிப் பாருங்க, ஒங்களுக்கே வித்தியாசம் தெரியும். அந்த இடத்தின் பேரையும் அவர் இப்போது சொல்லப் பழகியிருந்தார். முதல் தடவை காது சிவந்தது, அப்புறம் நிட்டிங் மெஷின் பாகம் மாதிரி சாதாரணமாக வந்தது.

கடைசியில், "கோயமுத்தூர்ல நல்ல நூல் கெடைக்குது, போயிட்டு வாங்க" என்பார். "பேரை மட்டும் சொந்தப் பேராக் குடுங்க."

போனார்கள். போனவர்கள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள், வெள்ளியங்கிரி பேர் கேட்டார். சொந்தப் பேரைச் சொல்ல வாய் வரவில்லை. அடுத்தவன் பேரைச் சொல்லவும் மனசு வரவில்லை. ஏற்கெனவே கெட்டுப்போன பேர் ஒன்று ஊரில் இருக்கும்போது புதிதாக இன்னொன்றை எதற்குக் கெடுப்பது?

வருஷக் கடைசியில் டாக்டர் ஈஸ்வரமூர்த்தி கம்பவுண்டரைக் கூப்பிட்டு, "ஏன் வெள்ளியங்கிரி, திருப்பூர்ல எல்லாருக்கும் ஞானசம்பந்தம்னுதான் பேர் வெக்கறாங்களா?" என்று கேட்டாராம்.

"அப்படித்தானுங்க போலிருக்குது" என்றார் வெள்ளியங்கிரி. வாசலுக்குப் போய், பெஞ்சைப் பார்த்து, "திருப்பூர் ஞானசம்பந்தம்" என்று கூப்பிட்டார். மூன்று பேர் எழுந்தார்கள்.